மணலும் சில்லும்: குடாநாட்டுக் கரையோரத்தில் ஊர்தி வந்த வரலாறு

ஒரு நாட்டின் போக்குவரத்து வரலாறு பெரும்பாலும் அந்நாட்டு வீதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவ்வாண்டில் எவ்வீதி திறக்கப்பட்டது, எந்த ஆட்சியாளர் எப்பாலத்தைக் கட்டுவித்தார், புகையிரதம் எப்போது வந்தது என்பனவே வரலாற்று நூல்களில் இடம்பெறும் செய்திகளாகும். ஆனால், வீதி முடிவடையும் இடத்துக்கு அப்பாலும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களும் நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டியுள்ளது. பிடித்த மீனைப் பழுதாகு முன் சந்தை சேர்க்க வேண்டியுள்ளது. வீதியற்ற நிலத்தில் ஊர்தி சென்ற வரலாறும் எழுதப்பட வேண்டியதே. அவ்வரலாற்றுக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மணற்கரை தக்கதொரு களமாகும்.

மணல் மீது சில்லைச் செலுத்தும் பிரச்சினை இயந்திரத்தின் வலிமையாற் தீர்க்கப்பட்டதென்றே முதலில் எண்ணத் தோன்றும். வரலாறு கூறுவது வேறு. மணலை வென்றது வலிமையன்று. நிலத்தின் மீது சில்லு செலுத்தும் அழுத்தத்தைக் குறைக்க மனிதன் கற்றுக்கொண்டமையே. இவ்வாறு மணலுக்கு இசைந்து செல்லக் கற்ற ஊர்தி, பிற்காலத்தில் அம்மணலையே வாரிச் செல்லும் ஊர்தியாகவும் மாறியது. இவ்விரு நிலைகளையும் தொடர்புபடுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செம்மண்ணும் வெண்மணலும்

கோப்பாய், யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தொலைவிற் பருத்தித்துறை வீதியில் அமைந்துள்ள ஊராகும். 1560இல் போர்த்துக்கேயப் பதிலாளுநன் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாண இராச்சியத்தின் மீது படையெடுத்தபோது சங்கிலி மன்னன் பின்வாங்கிய இடம் இதுவென்பது வரலாற்று மாணவர் அறிந்ததே. ஊரின் ஒரு பக்கத்தில் வெங்காயமும் வாழையும் புகையிலையும் விளையும் செம்மண் தோட்டங்கள் உள்ளன. மறுபக்கத்தில் உவர்நிலமும், கைதடிக்குச் செல்லும் வீதி கடக்கின்ற கடனீரேரியும் உள்ளன. செம்மண்ணின் கீழே சுண்ணக்கற்பாறை படிந்திருக்கின்றது. கல்லை உடைத்துப் பரப்பி இறுக்கினால் வீதியாகிவிடும் நிலம் இது. வலிகாமத்தில் வீதிகள் வலைப்பின்னல் போற் பரந்திருப்பதற்கு மக்கள் நெருக்கம் ஒரு காரணமெனில், நிலத்தின் உறுதி மற்றொரு காரணம் எனலாம்.

கோப்பாயிலிருந்து அவ்வீதி வழியே வடகிழக்காகச் செல்பவர் நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் ஆகிய ஊர்களைத் தாண்டி வல்லை வெளியை அடைவர். அதன்பின் நெல்லியடி, பருத்தித்துறை. அங்கிருந்து தென்கிழக்காகத் திரும்பியதும் நிலத்தின் இயல்பே மாறிவிடுகின்றது. வல்லிபுரம், மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி, உடுத்துறை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு எனச் சுண்டிக்குளம் வரை நீளும் இக்கரை முழுவதும் மணலேயாகும். மணற்காட்டிற் பழைய அந்தோனியார் கோவிலொன்று மணலால் மூடப்பட்டு இடிபாடாக நிற்கின்றது. காற்று மாறும் பருவந்தோறும் இங்குள்ள மணற்கும்பிகளின் முகமும் மாறும். நேற்றிருந்த தடம் இன்று இராது.

இம்மணல் மக்கள் வாழாத பாழ்நிலமாக இருந்ததென்று கொள்வதற்கில்லை. 1936இல் வல்லிபுரத்திற் கண்டெடுக்கப்பட்ட பிராமி எழுத்துப் பொற்சாசனம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வசப மன்னன் காலத்திலேயே இங்கு குடியிருப்பு இருந்தமையைக் காட்டுகின்றது. யாழ்ப்பாணத்துக்கு மணற்றிடர் என்ற பழம்பெயர் வழங்கியதை யாழ்ப்பாண வைபவமாலை கூறுகின்றது. குடாநாட்டின் வரலாறு மணலோடு தொடங்கியதென்பதே நம் முன்னோரின் நினைவாக இருந்துள்ளது.

மாட்டு வண்டிற் காலம்

மணலிற் கால் நடக்கும், சில்லு புதையும். இதனாற் பொதிமாடும் காவுதடியும் தலைச்சுமையும் மணற்கரையில் நெடுங்காலம் நிலைபெற்றன. மாட்டு வண்டிலின் சில்லு உயரமானது. உயர்ந்த சில்லு பள்ளத்தினின்று எளிதில் ஏறும் என்பது அதன் நன்மை. ஆனால், அதன் இரும்பு வளையம் ஒடுங்கியது. வண்டிலின் பாரம் முழுவதும் இரண்டு விரல் அகலமான இரும்பின் மீது தங்குவதால் அது மணலைக் கத்தி போல் அறுத்துக்கொண்டு கீழிறங்கும். சில்லு புதைந்தவிடத்திற் காவோலையையும் மட்டையையும் பரப்பி வண்டிலை மீட்பது எங்கும் காணத்தக்க எளிய உபாயம். அந்த ஓலையின் தத்துவத்தை, அதாவது பாரத்தைப் பரந்த இடத்திற் பகிர்ந்துவிடும் தத்துவத்தை, இருபதாம் நூற்றாண்டின் பொறியியலாளரும் பின்பற்ற நேர்ந்ததை மேலே காண்போம்.

பிரித்தானியர் காலத்தில் வீதியமைப்பு முனைப்புப் பெற்றது. 1829 தொடக்கம் 1867 வரை, இடையீட்டுடன், வடமாகாண அரசாங்க அதிபராக விளங்கிய பேர்சிவல் அக்லண்ட் டைக்கின் காலத்தில் வீதிகள் பல அமைந்தன. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், வயதுவந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்த வேண்டும் என விதித்தது. செம்மண்ணில் வாழ்ந்தவனுக்கும் மணலில் வாழ்ந்தவனுக்கும் கடமை ஒன்றாகவே இருந்தது. பயன் ஒன்றாக இருக்கவில்லை. கல்லின் மீது வீதியமைத்தல் எளிது. மணலின் மீது அமைத்தல் செலவுமிக்கது. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையுற்றபோது அதுவும் ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி வழியாகவே சென்றது. கிழக்குக் கரையின் மணலூர்கள் அதற்கு அப்பாலேயே நின்றன.

நான்கு சில்லுகளும் இயங்கிய காலம்

இனி, ஊர்தியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். தொடக்ககால மோட்டார் வண்டிகளில் இயந்திரத்தின் ஆற்றல் இரண்டு சில்லுகளுக்கே சென்றது. பின்சில்லுகள் தள்ளின, முன்சில்லுகள் உருண்டன. கல் வீதியில் இது போதுமானது. மணலிலோ, ஆற்றலற்ற முன்சில்லுகள் கலப்பை போல் மணலைக் குவித்துக்கொண்டு எதிர்த்து நிற்கும்; பின்சில்லுகள் தள்ள முயன்று தாம் நின்றவிடத்திலேயே குழி தோண்டும். நான்கு சில்லுகளுக்கும் ஆற்றலைப் பகிர்ந்தால், முன்சில்லும் தான் குவித்த மணலின் மேல் ஏறிக்கொள்ளும். இதுவே நாற்சில்லு இயக்கத்தின் அடிப்படை.

1903இல் ஒல்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனத்தார் நான்கு சில்லுகளும் இயங்கும் பெற்றோல் வண்டியை அமைத்தனர். 1910ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் இவ்வகை லொறிகளுக்கெனவே ஒரு நிறுவனம் தோன்றியது. முதலாம் உலகப் போரிற் சேற்றுக் களங்களில் அவை பெரிதும் பயன்பட்டன. எனினும், இவ்வியக்கத்தை உலகின் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றது ஜீப் வண்டியே. 1940இல் அமெரிக்க இராணுவம் விடுத்த அழைப்பின் விளைவாகத் தோன்றிய இச்சிறு வண்டி, 1941 தொடக்கம் 1945 வரை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தி செய்யப்பட்டது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. இலங்கை மக்களுக்கு ஜீப் பழக்கமானது இப்போர்க்காலத்திலாகும்.

ஜீப்பின் வழித்தோன்றலான லான்ட் றோவரின் பிறப்பே மணற்கரையில் நிகழ்ந்தது. 1947இல் றோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ், தம் பண்ணையிற் பயன்படுத்திய பழைய ஜீப்புக்கு மாற்றாக ஒரு வண்டியைச் சிந்தித்து, வேல்சின் ஆங்கில்சித் தீவிலுள்ள றெட் வார்வ் குடாக் கரையில் அதன் உருவை மணலில் வரைந்து காட்டினார். போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியதால் அலுமினியக் கலப்புலோகத்தால் உடல் அமைக்கப்பட்ட அவ்வண்டி, 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் வெளியிடப்பட்டது. அரசாங்கத் திணைக்களங்கள் பலவற்றின் சின்னம் போலவே அது இலங்கையில் விளங்கியது. நில அளவையாளரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் அதிலேயே காடுகளையும் கரைகளையும் அடைந்தனர்.

காற்றைக் குறைக்கும் கலை

நாற்சில்லு இயக்கம் தோன்றியமையால் மணற் பிரச்சினை முற்றாகத் தீர்ந்துவிட்டதா? இதற்கு விடை தருவது றால்ப் பாக்னோல்ட் என்ற பிரித்தானிய இராணுவப் பொறியியலாளரின் வாழ்வாகும். அவர் 1920களிலும் 1930களிலும் போர்ட் வண்டிகளில் லிபியப் பாலைவனத்தை ஆராய்ந்தார். 1941இல் மணலின் பௌதிகவியல் பற்றி அவர் வெளியிட்ட நூல் இன்றும் அத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகின்றது. 1940இல் எகிப்தில் அவர் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படைக்குழு பல்லாயிரம் மைல் மணலைக் கடந்தது. ஆனால், அக்குழுவின் புகழ்பெற்ற செவ்றொலே லொறிகள் நாற்சில்லு இயக்கம் கொண்டவையல்ல. பின்சில்லு இரண்டு மட்டுமே இயங்கியவை. 1941இல் நாற்சில்லு இயக்கமுள்ள போர்ட் லொறிகள் வழங்கப்பட்டபோது அவை எரிபொருளை மிகுதியாகக் குடிப்பனவாக இருந்தன. அடுத்த ஆண்டில் அக்குழு மீண்டும் செவ்றொலேயையே நாடியது.

அவ்வாறாயின் அவர்கள் மணலைக் கடந்தது எவ்வாறு? பாரத்தை அளந்து ஏற்றினர். அகலமான ரயர்களிற் காற்றைக் குறைத்தனர். புதைந்தவிடத்தில் நீண்ட உருக்குத் தகடுகளைச் சில்லின் கீழ் இட்டனர். முதற் போர்க் காலத்தில் பதுங்குகுழிகளுக்குக் கூரையிட ஆக்கப்பட்டு, கெய்ரோவின் பழைய இரும்புக் கடையிற் கிடந்த தகடுகளே இப்பணிக்கு முதலிற் பயன்பட்டவை. கான்வசுப் பாய்களையும் அவர்கள் உடன் கொண்டு சென்றனர். காவோலைக்கும் இவற்றுக்கும் தத்துவத்தில் வேறுபாடில்லை.

காற்றைக் குறைப்பதன் பயனை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். 4200 இறாத்தல் நிறையுள்ள வண்டியின் ரயர்களிற் சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் அழுத்தத்திற் காற்று நிரப்பப்பட்டிருப்பின், நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 120 சதுர அங்குலம். அதாவது சில்லொன்றுக்கு 30. அழுத்தத்தை 15 இறாத்தலாகக் குறைத்தால் தொடும் பரப்பு 280 சதுர அங்குலமாகும், சில்லொன்றுக்கு 70. ரயரின் சுவர் தாங்கும் பங்கினால் இக்கணக்கு நடைமுறையிற் சிறிது வேறுபடும், தத்துவம் மாறாது. வண்டியின் நிறை குறையவில்லை. ஆயினும், மணல் உணரும் நிறை பாதிக்கும் கீழாகிவிடுகின்றது.

ஏனைய விதிகளும் இத்தத்துவத்தினின்று பிறப்பனவே. தாழ்ந்த கியரில், சீரான வேகத்திற் செல்ல வேண்டும். திடீரெனத் தடுப்பை மிதித்தலாகாது. சில்லின் முன் மணல் குவிந்து அணையாகிவிடும். கூர்மையாகத் திரும்புதலும் ஆகாது. சரிவிற் குறுக்காகச் செல்லுதலும் ஆகாது. முன்சென்ற வண்டியின் இறுகிய தடத்தைப் பின்பற்றுதல் நன்று. சில்லு வீணே சுழலத் தொடங்கியதும் இயந்திரத்தை முடுக்குபவன் தன் வண்டியைத் தானே புதைக்கின்றான். இறங்கி, சில்லின் முன் மணலை வாரி, ஓலையோ பலகையோ இட்டு, வந்த தடத்திலேயே பின்னோக்கி மீளுதலே அறிவுடைமை. கல் வீதியை அடைந்ததும் மீண்டும் காற்றை நிரப்ப வேண்டும். தவறின் ரயர் சூடேறிக் கெடும்.

மணலின் ஈரமும் கருதத்தக்கது. ஈர மணலின் துகள்களை நீர்ப்படலம் பிணைத்து நிற்பதால் அது பாரம் தாங்கும். 1924இல் மல்கம் காம்பல் மணிக்கு 146 மைல் வேகத்தில் உலகச் சாதனை நிலைநாட்டியது வேல்சின் பென்டைன் மணற்கரையில், வற்றுப்பெருக்கு இறங்கியபின் வெளிப்பட்ட ஈர மணலில் என்பது இதற்குச் சான்று. நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்குமுள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. இதனால் இறுகிய ஈர மணல் ஒடுங்கிய கீற்றாகவே கிடைக்கும். அதன் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் பொருபொருத்த வெண்மணல். இங்கு ஊர்தி செலுத்துபவனுக்குத் தவறுவதற்கு இடமில்லை.

தனுஷ்கோடி தரும் சான்று

வீதியற்ற மணலில் ஊர்தியே ஓர் ஊரைத் தாங்கிய வரலாற்றுக்குப் பாக்கு நீரிணையின் மறுகரை சிறந்த சான்று தருகின்றது. 1914இற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. சென்னையிலிருந்து கொழும்புக்குப் புகையிரதச் சீட்டொன்றிலேயே பயணம் செய்யக்கூடிய நிலை ஏற்பட்டது. 1964 டிசெம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி வீசிய புயல், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் புகையிரதத்தோடு தனுஷ்கோடி நகரையே கடலுள் இழுத்துச் சென்றது. குடியிருக்கத் தகாத இடமென அரசாங்கம் அறிவித்தது. ஆனால், மீனவர் திரும்பி வந்தனர்.

அவர்களுக்கு அரை நூற்றாண்டு காலம் வீதி இருக்கவில்லை. முகுந்தராயர் சத்திரத்தோடு வீதி முடிந்தது. அதற்கப்பால் மீன் லொறிகளும் ஜீப்புகளும் வான்களும் மணலிலும் ஆழமற்ற நீரிலும் தடம் பிடித்துச் சென்றன. மீன் சந்தைக்குச் சென்றதும் குடிநீரும் அரிசியும் வந்ததும் யாத்திரிகர் வந்து சென்றதும் இத்தடத்தினூடாகவே. எவ்விடத்தில் மணல் தாங்கும், மழைக்குப் பின் எவ்விடத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற அறிவு சாரதிகளின் தொழிலறிவாகவே இருந்தது. 2017 யூலை 27இல் அரிச்சல்முனை வரையான புதிய வீதி திறக்கப்பட்டதும் அத்தடமும் அவ்வறிவும் ஒருசேரப் பயனிழந்தன. வீதி வந்ததை எவரும் குறைகூறார். ஆயினும், வீதியில்லாத 50 ஆண்டுக் காலத்தில் அவ்வூரை உயிரோடு வைத்திருந்தது அச்சாரதிகளின் திறமையே என்பதை வரலாறு பதிவு செய்தல் வேண்டும்.

கிழக்குக் கரையில் உழவு இயந்திரம்

வடமராட்சிக் கிழக்கில் இப்பணியைப் பெரிதும் ஆற்றியது ஜீப் அன்று, உழவு இயந்திரமே. வயலுக்கென வந்த இயந்திரம் கரைக்கு இறங்கியமைக்குக் காரணங்கள் உள. அதன் பின்சில்லு மாட்டு வண்டிற் சில்லைப் போல் உயர்ந்தது, ஆனால் அதனைவிடப் பன்மடங்கு அகன்றது. வேகம் குறைவாயினும் இழுவை மிகுந்தது. பின்னாற் பெட்டியொன்றைப் பூட்டினால் லொறியாகவும் உதவுவது. இருசில்லு உழவு இயந்திரமும் இவ்வாறே பரவியது. லான்ட் மாஸ்ரர் என்ற பிரித்தானிய உற்பத்தியின் பெயர், யப்பானிய இயந்திரங்கள் வந்தபின்னும் அவ்வகை அனைத்துக்கும் பொதுப்பெயராக நம்மவர் நாவில் நிலைத்துவிட்டது.

1970 தொடக்கம் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மிளகாய், வெங்காயச் செய்கையாளருக்கு நல்ல விலையைத் தந்தன. கோப்பாய் போன்ற செம்மண் ஊர்களின் வளர்ச்சியில் அக்காலம் முக்கியமானது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் யப்பானிய ஊர்திகளைக் கொண்டுவந்தது. கரையோரத்திலோ இயந்திரப் படகும் நைலோன் வலையும் பரவியதால், மீனை விரைந்து வெளியேற்ற வேண்டிய தேவை வளர்ந்தது. படகில் இயந்திரம் பூட்டப்பட்டபின் கரையில் மாட்டு வண்டில் போதவில்லை. கடலில் ஏற்பட்ட மாற்றமே மணலிலும் மாற்றத்தை வேண்டி நின்றது.

இம்மாற்றம் எல்லோருக்கும் ஒரே வகையில் நன்மை தரவில்லை. கரைவலை இழுத்தல் பலர் கூடிச் செய்யும் தொழிலாகும். சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுப்போருக்குப் பங்கு என்ற முறையில் மீன் பகிரப்படும். உழவு இயந்திரத்தைக் கரையில் நிறுத்தி, அதன் ஆற்றலாற் கயிற்றைச் சுற்றி வலையை இழுக்கும் வழக்கம் வந்தபின், பலருடைய கைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஆள் கிடைக்காத கரைகளில் அதுவே தொழிலைக் காப்பாற்றிற்று என்று கூறுவோரும் உளர். இதுபற்றி வடபகுதிக் கரைகளிற் கருத்து வேறுபாடுகளும் எதிர்ப்புகளும் தோன்றியுள்ளன. இயந்திரம் யாருடையது என்ற வினாவை விடுத்து அதன் பயனை மட்டும் பேசுதல் முழுமையான வரலாறாகாது.

போரும் கடலும்

மணலின் தன்மையைப் போரும் உணர்ந்தது. 1991 யூலையில் ஆனையிறவு முகாமை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டபோது, அதனை மீட்க அரச படைகள் வெற்றிலைக்கேணிக் கரையிற் கடல்வழியாக இறங்கின. அங்கிருந்து ஆனையிறவு ஏறத்தாழ 12 கிலோமீற்றர். அத்தூரத்தைக் கடக்க இரண்டு வாரங்களுக்கு மேற் சென்றது. கடும் எதிர்ப்பும் மறைவற்ற மணல்வெளியும் சேர்ந்து, கவச ஊர்திகள் கொண்ட படையையும் நாளொன்றுக்கு ஒரு கிலோமீற்றரளவில் நகரச் செய்தன. இருபக்கத்திலும் உயிரிழந்தோர் பலர்.

அதே காலத்திற் குடாநாட்டின் உட்பகுதியில் எரிபொருட் தடை நிலவியது. பழைய கார்களும் உழவு இயந்திரங்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் இயந்திரத்தைத் தொடக்கி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் கைத்திறன் ஊர்தோறும் வளர்ந்தது. போக்குவரத்து வரலாற்றை எழுதுவோர் இக்கைவினைஞரையும் மறத்தலாகாது.

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. மணற்காடு முதல் உடுத்துறை, மருதங்கேணி வரை மக்கள் பெருந்தொகையாக மாண்டனர். வீடுகளும் வள்ளங்களும் அழிந்தன. உடுத்துறையில் அவர்களுக்கு நினைவாலயம் உண்டு. கரையோரத்தில் வாழ்வோருக்கு வெளியேறும் தடம் என்பது வசதியன்று, உயிர் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

மணலை ஏற்றிய சில்லு

2009இற் போர் முடிந்தது. இடிந்த வீடுகள் மீளக் கட்டப்பட்டன. வீடமைப்புத் திட்டங்கள் பல தொடங்கின. மதிலும் மாடியும் எழுந்தன. சுவர் எழ மணல் வேண்டும். குடாநாட்டில் ஆற்று மணல் இல்லை. கரையோர மணலே உண்டு. அம்பன், குடத்தனை, நாகர்கோவில், மணற்காடு ஆகிய இடங்களின் மணல் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் டிப்பர்களிலும் ஏறிற்று. புதையாது செல்லக் கற்ற சில்லு, தான் புதைந்த நிலத்தையே சுமந்து செல்லும் நிலை உருவாயிற்று. அம்மணல் வலிகாமத்தை அடையும் பாதைகளுள் ஒன்று கோப்பாயினூடாகச் செல்லும் அதே பருத்தித்துறை வீதியாகும்.

இதனைத் தடுக்கச் சட்டம் இல்லையெனல் பொருந்தாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியங்கள் சட்டமும் உள்ளன. அனுமதியின்றி மணல் எடுத்தல் குற்றமாகும். எனினும் இரவில் மணல் ஏற்றப்படுவதாக ஊரவர் முறையிடுவதும் ஊர்திகள் கைப்பற்றப்படுவதும் செய்தித்தாள்களில் அடிக்கடி இடம்பெற்றே வந்துள்ளன.

மணற்கும்பி வெறும் குவியலன்று. அது மழைநீரை உறிஞ்சித் தன் கீழே நன்னீராகச் சேமிக்கின்றது. அந்நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை அது உவர்நீரை அழுத்தி வைக்கும் என்பது நிலத்தடி நீரியலார் கண்ட விதி. மேலே ஓரடி குறைந்தாற் கீழே 40 அடி இழக்கப்படும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேற்பகுதி நன்னீராகவும் ஆழம் உவராகவும் இருத்தலைக் குடாநாட்டார் அறிவர்; சுண்ணக்கல்லில் அங்கு காண்பதே மணலில் இங்கும் நிகழ்கின்றது. கும்பியை வாருதல் என்பது கிணற்றை உவராக்குதலாகும்.

மணலை அள்ளாது மேலே ஓடிச் செல்லும் ஊர்தியும் முற்றாகக் குற்றமற்றதன்று. கும்பியைப் பிடித்து நிற்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லுமாகும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழி ஒற்றுமைக்கு உவமையாகச் சொல்லப்படினும், கரையோரத்தில் அது நேர்ப்பொருளிலேயே உண்மை. ஒரே தடத்திற் சில முறை ஊர்தி ஏறினாற் கொடி அறும். கொடி அறுந்தவிடத்திற் காற்று வாய் திறக்கும். ஆமைகள் முட்டையிடும் கரைகளில், ஆழ்ந்த சில்லுத் தடத்துள் விழுந்த குஞ்சுகள் கடலையடைய முடியாது இறத்தலும் உண்டு. இதனாலேயே தென்னாபிரிக்கா 2002 முதற் கடற்கரைகளிற் பொழுதுபோக்குக்காக ஊர்தி செலுத்துதலைத் தடைசெய்தது. ஐக்கிய அமெரிக்காவின் கேப் ஹற்றெரஸ் கரையில் 2012 முதல் அனுமதிப் பத்திரமும் வரையறுத்த தடங்களும் கட்டாயமாயின. கேரளத்தின் முழப்பிலங்காடு கரையிலோ ஏறத்தாழ 4 கிலோமீற்றர் ஈர மணலில் ஊர்தி செலுத்துதல் சுற்றுலாக் கவர்ச்சியாக விளங்குகின்றது. ஒவ்வொரு சமுதாயமும் தன் கரைக்குத் தானே விதி வகுத்துக்கொள்கின்றது. 1938இற் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளத்தைத் தன் எல்லையிற் கொண்ட நம் கரைக்கும் அத்தகைய சிந்தனை தேவை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. மணலிற் சில்லு சென்றது வலிமையாலன்று, அழுத்தத்தைக் குறைத்தமையாலேயே என்பது முதலாவது. காவோலை இட்ட வண்டிற்காரனும் உருக்குத் தகடு இட்ட பாக்னோல்டும் ஒரே உண்மையின் மாணவர்கள். வீதி சென்றடையாத ஊர்களுக்கு இவ்வூர்திகள் வாழ்வாதாரமாக இருந்தன என்பது இரண்டாவது. தனுஷ்கோடியும் வடமராட்சிக் கிழக்கும் அதற்குச் சான்று. அதே ஊர்தி, பாரம் ஏற்றும் பெட்டியோடு வந்து மணலையே அகற்றும்போது அவ்வூர்களின் நீரையும் நிலத்தையும் அழிக்கின்றது என்பது மூன்றாவது.

எனவே ஊர்தியைப் பழித்தலோ போற்றுதலோ வரலாற்று மாணவரின் பணியன்று. மணலூர் மக்களுக்கு நல்ல வீதி வேண்டும்; அது 1848இன் வீதிச் சட்டக் காலத்திலிருந்தே அவர்களுக்குரிய கடன். நோயாளரையும் மீனையும் ஏற்றும் ஊர்திக்கு வரையறுத்த தடம் வேண்டும். மணலை ஏற்றும் ஊர்திக்கு அளவும் கணக்கும், அளவு மீறின் தண்டனையும் வேண்டும். செம்மண்ணில் வாழும் நாம் இதனை மணலூராரின் பிரச்சினை என்று ஒதுக்குதல் நேர்மையாகாது. கோப்பாயில் எழும் ஒவ்வொரு சுவரிலும் குடாநாட்டின் ஏதோவொரு கரையின் மணல் இருக்கின்றது. அந்தக் கரையின் கிணற்றில் நாளை என்ன நீர் ஊறும் என்பதைச் சுவரெழுப்பும் நாமும் சிந்தித்தாக வேண்டும்.